பட்டையோரம்

ஜூலை 8, திங்கள்

என் குழியின் வடகிழக்கு முளையை யாரோ நகர்த்தியிருக்கிறார்கள். இரண்டு விரல் அகலம்கூட இருக்காது. ஆனால் நான் அடித்த முளை எங்கே நிற்கும் என்று எனக்குத் தெரியாதா? மிலோஷைக் கேட்டேன். "ராத்திரி மான் வந்து இடிச்சிருக்கும்" என்கிறான். மானாம். யாருக்குக் காது குத்துகிறான்?

பழைய நோட்டு தீர்ந்துவிட்டது. புது நோட்டு என்பதால் பெயர் விலாசத்தோடு தொடங்குகிறேன். கோமதிநாயகம், சங்கரன்கோவில். வைகைக் கரையிலும் தாமிரபரணிக் கரையிலும் பதினெட்டு வருடம் அகழாய்வு செய்தவன். இந்த வருடம் ஏப்ரலில் இருந்து ஜெர்மனிக்குக் கிழக்கே மொராவியாவில், ரதோவெட்ஸ் என்ற சிற்றூருக்கு வெளியே, ஆயிரத்து நூறு வருடத்துக்கு முன் ஸ்லாவியர்கள் கட்டிய ஒரு கோட்டையைத் தோண்டிக்கொண்டிருக்கிறேன்.

கோட்டை என்றதும் என் மனைவி ஆவுடை கல் மதிலையும் கொத்தளத்தையும் நினைத்துக்கொண்டாள். போட்டோ அனுப்பினேன். "இது கம்மாக்கரைல்லா" என்றாள். தப்பில்லை. ஓக் மரக் கட்டைகளைக் குறுக்கும் நெடுக்கும் அடுக்கி, பெட்டி பெட்டியாகச் செய்து, உள்ளே மண்ணைக் கொட்டி, வெளிமுகத்தில் கல்லை அணைத்துக் கட்டிய மதில். மரம் மக்கி மண் சரிந்தபின் பார்க்கக் கண்மாய்க் கரைதான்.

இந்த மதிலை எந்த வருடம் எழுப்பினார்கள்? இதுதான் கேள்வி. பத்து வருடம் முன்னே பின்னே ஆனால், கட்டியது யார், யாருக்குப் பயந்து கட்டினார்கள் என்ற கதையே மாறிவிடும். முப்பது வருடமாக இங்கே தோண்டுகிறார்கள். இன்னும் உறுதியான ஒரு வருடம் கிடைக்கவில்லை.

தலைவர் ஹானா மேடம். ஐம்பத்தைந்து வயது, அளந்து பேசுவார். மிலோஷ் படம் எடுப்பான், வரைவான், வேன் ஓட்டுவான். ஆய்வுக்கூடத்தில் ரூபவதனி. சுன்னாகத்தில் பிறந்து ஜெர்மனியில் வளர்ந்தவள், இரண்டு பெண் குழந்தைகளுக்குத் தாய். ஈர மரம், தோல், துணி இவற்றைக் கெடாமல் காப்பது அவள் வேலை. இந்த ஊரில் ஒரு தமிழ்க் குரல் என்று முதல் வாரம் சந்தோஷப்பட்டேன். பிறகுதான் தெரிந்தது, அடுத்த மூன்று வருடத்துக்கு ஒரே ஒரு ஆளைத்தான் வைத்துக்கொள்வார்களாம். அவளும் விண்ணப்பித்திருக்கிறாள், நானும்தான்.

அன்றிலிருந்து கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஜூலை 11, வியாழன்

கிடைத்துவிட்டது!

மதிலின் அடிவாரத்தில், மூன்று மீட்டர் ஆழத்தில், ஊற்று கசிகிற களிமண்ணுக்குள் ஒரு முழு ஓக் கட்டை. காற்றே படாமல் கிடந்ததால் மக்கவில்லை. நம் ஊர் மண்ணில் மரமாவது கிடைப்பதாவது, செல் தின்று மிச்சம் வைத்தால்தானே. பதினெட்டு வருடத்தில் முதல் முறையாக ஆயிரம் வருடத்து மரத்தைக் கையால் தொட்டேன். மனசு அப்படியே நிறைந்துபோனது.

மேலே ஒரு விரல் கனத்துக்குக் கறுப்பாக, நனைந்த ரொட்டி மாதிரி கொழகொழவென்று அப்பியிருந்தது. குழி என்றால் அது என் குழி. சுவர் தூக்குக்குண்டு பிடித்த மாதிரி நிற்கும், தரையில் ஒரு சிராய் கிடக்காது. இவர்கள் சேறும் சகதியுமாகப் படம் எடுத்துப் புத்தகத்தில் போடுகிறவர்கள். நான் மண் சீவுகிற கரணையைத் தீட்டி எடுத்துவந்து கட்டையை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை சீவிச் சுத்தம் செய்தேன். இரண்டு மணி நேரம் ஆனது. உள்ளே மரம் தேன் நிறத்தில் பளிச்சென்று வந்தது.

நடுவில் ரூபவதனி தண்ணீர் தெளிப்பானோடு வந்து நின்று ஏதோ ஆலோசனை சொன்னாள். "உங்க வேலை லேப்ல. குழியில என் வேலையை நான் பாத்துக்கிடுதேன்" என்றேன். போய்விட்டாள்.

மிலோஷ் படம் எடுத்தான். நானும் போனில் எடுத்து ஆவுடைக்கு அனுப்பினேன், சுத்தம் செய்வதற்கு முன் ஒன்று, பின் ஒன்று. மாலையில் ஹானா மேடம் வந்து நெடுநேரம் பார்த்தார். "ரொம்பச் சுத்தமாக இருக்கிறது" என்றார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வருவதே பெரிது.

ஜூலை 12, வெள்ளி

கட்டையிலிருந்து ஒரு வட்டத்துண்டு அறுத்தோம். ஈரம் போகாமல் கறுப்பு பிளாஸ்டிக்கில் சுற்றி, சீட்டு எழுதிக் கையெழுத்துப் போட்டு ரூபவதனியிடம் கொடுத்தேன். அவள் குளிர் அறையில் வைத்து, நகரத்தில் மர வளையங்களை எண்ணுகிற ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். மரத்தில் வருடத்துக்கு ஒரு வளையம் விழும். கடைசி வளையம் வரை எண்ணினால் மரம் வெட்டிய வருடம் சொல்லிவிடலாம். வெட்டிய சூட்டோடு மதிலில் வைத்திருப்பார்கள், ஆக அதுதான் மதிலின் வயது.

வாங்கும்போது அவள் முகம் சரியில்லை. பொறாமையாக இருக்கும்.

ஜூலை 15, திங்கள்

மழை. துணி காயவில்லை.

ஜூலை 19, வெள்ளி

காலை ஏழு மணிக்கு ஆய்வுக்கூடத்துக்குப் பை எடுக்கப் போனேன். குளிர் அறைக் கதவு திறந்திருந்தது. உள்ளே ரூபவதனியும் ஹானா மேடமும். மேசையில் என் பொட்டலம் பிரிந்து கிடந்தது. என்னைக் கண்டதும் இருவரும் பேச்சை நிறுத்தினார்கள். அப்படியே கத்தியால் வெட்டின மாதிரி நிறுத்தினார்கள்.

"என்னம்மா, இன்னும் அனுப்பலையா?" என்று கேட்டேன்.

"இண்டைக்குத்தான் அண்ணை அனுப்பிறன்" என்றாள் ரூபவதனி. என் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்.

ஏழு நாள் என் பொட்டலம் அவள் கையில். ஏழு நாளில் என்ன வேண்டுமானாலும் செய்யலாம். மத்தியானச் சாப்பாட்டில் மாவு உருண்டையும் குழம்பும். பாதியில் எழுந்துவிட்டேன்.

ஜூலை 25, வியாழன்

அறிக்கை வந்துவிட்டது. பார்த்து எழுதுகிறேன்.

"பட்டையும் அதை ஒட்டிய வெளி வளையங்களும் இல்லை. மேற்பரப்பில் புதிய கருவித் தடங்கள். மிஞ்சியிருக்கிற கடைசி வளையம் கி.பி. 881. எனவே மரம் வெட்டப்பட்டது 881-க்குப் பிறகு. எத்தனை வருடம் பிறகு என்று சொல்ல இயலாது."

பிறகு என்றால் 885-ஆ? 905-ஆ? இதைச் சொல்லவா முப்பது வருடம்? அந்தக் கட்டையின் நீளம் முழுக்க வேறெங்கும் பட்டை இல்லை, நானே பார்த்துவிட்டேன். வேறு கட்டையும் இல்லை. அடுத்த மாதத் தொடக்கத்தில் குழியை மூட வேண்டும்.

புதிய கருவித் தடங்கள்! குளிர் அறையில் வைத்து யாரோ சுரண்டியிருக்கிறார்கள். யாரோ என்ன யாரோ. சாவி யாரிடம் இருந்தது?

ஹானா மேடம் அறிக்கையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "கோமதி, உங்களுக்கு ஏதாவது சொல்ல வேண்டியிருக்கிறதா?" என்று கேட்டார். என்னிடமா கேட்பது? "நான் சுத்தமாகக் கொடுத்தேன்" என்றேன். சரி என்று தலையாட்டினார்.

ஜூலை 26, வெள்ளி

குழியின் படங்களைப் பார்க்கலாம் என்று கேமராப் பெட்டியைத் திறந்தேன். பதினொன்றாம் தேதி மெமரி கார்டைக் காணவில்லை.

"என்கிட்ட இருக்கு" என்றான் மிலோஷ்.

"எதுக்கு?"

"ஹானா கேட்டாங்க." சொல்லிவிட்டு வேனுக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டான்.

ஓஹோ. மூவரும் சேர்ந்துதான். படத்தை மாற்றப் போகிறார்கள். ஊர் பெயர் தெரியாத இந்தியன் ஒருத்தன் தலையில் கட்டிவிட்டால் முடிந்தது கதை. மத்தியானம் நான் மேசைக்குப் போனால் பேச்சு நிற்கிறது. நான் எழுந்தால் தொடர்கிறது. காது கேட்கத்தான் செய்கிறது எனக்கு.

ஜூலை 27, சனி

ஹானா மேடத்துக்குக் கடிதம் எழுதினேன். ஆங்கிலத்தில் இரண்டு பக்கம், ஐந்து குறிப்புகள். மாதிரி என் கையை விட்டுப் போகும்போது நல்ல நிலையில் இருந்தது. ஏழு நாள் ரூபவதனியின் பொறுப்பில் இருந்தது. பொட்டலம் பிரிக்கப்பட்டதை நானே கண்டேன். அவளுக்கு இதில் சொந்த லாபம் இருக்கிறது. எனவே விசாரணை முடியும் வரை அவள் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கக் கூடாது.

ஐந்தாவது குறிப்பை எழுதிவிட்டு அடித்தேன். மறுபடி எழுதினேன். அவளுக்கு இன்னும் ஜெர்மன் குடியுரிமை இல்லை, விசா அந்த ஒப்பந்தத்தோடு கட்டியது என்று தெரியும். ஆனால் என் பதினெட்டு வருடமும் இதில்தான் கட்டியிருக்கிறது. எனக்கு மட்டும் வயிறு இல்லையா?

பிறகு சட்டைக்கு இஸ்திரி போட்டேன். அரிசி தீரப்போகிறது.

ஜூலை 29, திங்கள்

ஹானா மேடம் கடிதத்தை வாசித்தார், என் கண் முன்னாலேயே. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு எல்லாரும் உட்காருவோம். இதன் பிரதியை ரூபவதனிக்குக் கொடுக்க வேண்டும், அதுதான் முறை" என்றார். கொடுக்கட்டுமே.

மாலையில் பானை ஓடு கழுவுகிற தொட்டியருகே அவள் வந்தாள்.

"அண்ணை, நீங்கள் எழுதினதை வாசிச்சன்."

"ம்."

"இங்கிலீஷ் நல்லா இருக்கு."

அவ்வளவுதான். போய்விட்டாள். அழுதிருந்தால், சண்டை போட்டிருந்தால், ஒரு கணக்கில் சேர்த்திருப்பேன். இது என்ன அமைதி? இதற்குப் பின்னால் ஏதோ இருக்கிறது.

ஜூலை 30, செவ்வாய்

ஆவுடை போன் செய்தாள். எல்லாவற்றையும் கொட்டினேன். அறிக்கை, குளிர் அறை, கார்டு, அந்த மூவர் கூட்டணி எல்லாம்.

"உங்களுக்கு கேஸ் சிலிண்டர் கொண்டாறவன் மேலயும் சந்தேகம்தான்" என்றாள். "சரி, அவ ஏன் அதச் செய்யணும்? அவ வேலையே மரத்தக் காப்பாத்துததுதானங்கியிய."

"எனக்குக் கெட்ட பேரு வரட்டும்னுதான்."

குக்கர் சத்தம் கேட்டது. பிறகு சொன்னாள்: "நான் ஒண்ணு கேக்கேன், கோவப்படாதிய. அன்னைக்கு ரெண்டு போட்டோ அனுப்புனியள்லா. மொத போட்டோல பட்டை இருக்கு. ரெண்டாவதுல இல்ல. அத ஏன் சீவுனிய?"

"அது சேறு, ஆவுடை."

"எங்கப்பா விறகுக் கடைல நான் பொறந்து வளந்தவ. பட்டைய எனக்குத் தெரியாதா? வெடிப்பு வெடிப்பா ஓடுது பாருங்க. நல்லாப் பெருசு பண்ணிப் பாருங்க."

"உனக்கு இதெல்லாம் புரியாது" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

பெருசு பண்ணிப் பார்த்தேன்.

ஜூலை 31, புதன்

போனில் இருந்த முதல் படத்தை அழித்தேன். ஆவுடையையும் அழிக்கச் சொன்னேன். "எதுக்கு?" என்றாள். அழி என்று மட்டும் மறுபடி சொன்னேன். "நான் அழிக்க மாட்டேன்" என்றாள்.

ஆகஸ்ட் 1, வியாழன்

குழியின் சுவர்களை வரைந்து முடித்தேன். மூடுவதற்கு மண் தள்ளுகிற வண்டி அடுத்த வாரம் வருகிறது. கட்டையை ஒரு முறை தடவிப் பார்த்தேன். என் கரணையின் அகலம் மூன்று அங்குலம். கட்டையில் இருக்கிற தடங்களின் அகலத்தை அளந்தேன். எதற்கு அளந்தேன் என்று தெரியவில்லை, தெரிந்ததைத்தான் அளந்தேன்.

நாளை நான் வாய் திறக்காவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். மிலோஷிடம் கார்டு இருக்கிறது. ஆனால் ஒரு படத்தில் சேறா பட்டையா என்று யாரால் சத்தியம் பண்ண முடியும்? நான் சேறு என்றால் சேறுதான். குழி என் பொறுப்பு, என் சொல் நிற்கும். அவளுக்கு வேலை போகும். செப்டம்பரில் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் திறக்கிறது என்று சின்னவளின் பையைக் காட்டினாளே, எப்போது? மே மாதம்.

மத்தியானம் அவள் ஒரு டப்பாவில் புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் கொண்டுவந்து எல்லோருக்கும் வைத்தாள். எனக்கும் வைத்தாள். இதில் என்ன உள்நோக்கம் என்று பார்த்தேன். பசிதான் இருந்தது. சாப்பிட்டேன். அவளைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது எனக்கு.

ஆகஸ்ட் 2, வெள்ளி

எட்டு மணிக்கே ஹானா மேடத்தின் அறைக்குப் போய்விட்டேன். உட்காரச் சொன்னார். நின்றுகொண்டே சொன்னேன். கட்டையைச் சீவியது நான், பட்டை போனது என் கரணையால், ஆய்வுக்கூடத்தில் அல்ல, குழியில்.

அவர் மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினார். மிலோஷ் பதினொன்றாம் தேதி எடுத்த படம். பட்டை பாளம் பாளமாக அவ்வளவு தெளிவாக இருந்தது. ஓரத்தில் என் கை, கரணையோடு.

"தெரியும்" என்றார்.

"எப்போதிலிருந்து?"

"உங்கள் பொட்டலம் வந்த அன்றே ரூபவதனி அதைப் பிரித்துப் பார்த்திருக்கிறாள். பட்டை இல்லை, கரணைத் தடம் இருக்கிறது என்று பதிவேட்டில் எழுதிவைத்தாள். யார் என்று எழுதவில்லை. பத்தொன்பதாம் தேதி என்னிடம் காட்டினாள். நீங்கள் உள்ளே வந்தீர்களே."

"அப்படியானால் என் கடிதத்தை வாசிக்கும்போது..."

"ஆமாம்."

நாற்காலியில் உட்கார்ந்தேன். அவர்கள் என்னிடம் எதையோ மறைக்கிறார்கள் என்று இரண்டு வாரமாக எழுதினேனே, அது சரிதான். மறைத்தது என்னைத்தான்.

"ஏன் என்னைக் கேட்கவில்லை?"

"கேட்டேன், கோமதி. அறிக்கை வந்த அன்று கேட்டேன்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கடிதம் வந்ததும் உங்களை அன்றே அனுப்பிவிடலாம் என்றேன். வெள்ளிக்கிழமை வரை பொறுங்கள், அவரே வந்து சொல்லட்டும் என்றாள் ரூபவதனி. சொல்வீர்கள் என்று நான் நம்பவில்லை."

மூன்று வருட வேலை அவளுக்குத்தான். நான் செப்டம்பரில் ஊருக்குப் போகலாம். இதையும் அதே குரலில்தான் சொன்னார்.

ஆய்வுக்கூடத்துக்குப் போனேன். அவள் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். முழங்கை வரை ரப்பர் உறை.

"மன்னிச்சிருங்கம்மா. தப்பு என் மேலதான். மேடத்துகிட்ட சொல்லிட்டேன். நீங்க எனக்காக நாலு நாள் பொறுத்தீங்க, அந்தப் பெருந்தன்மை..."

"உங்களுக்காகப் பொறுக்கேல்லை அண்ணை" என்றாள். திரும்பவில்லை. "நான் சொல்லியிருந்தால், அவர் ஒண்டு சொல்லுறார், இவ ஒண்டு சொல்லுறா எண்டு இழுபடும். ரெண்டு தமிழர் அடிபடுகினம் எண்டு எல்லாரும் வேடிக்கை பாப்பினம். நீங்கள் வாயாலை சொன்னால்தான் எனக்கு இது முடியும். எனக்கு ரெண்டு பிள்ளையள்."

அவள் அடுத்த தட்டை எடுத்துக் கழுவினாள்.

"குற்றம் சொல்லேக்கை எழுதித்தானே குடுத்தனீங்கள்" என்றாள். "இதையும் எழுதித் தாங்கோ. ரெண்டும் ஒரே ஃபைலிலை கிடக்கட்டும்."

ஆகஸ்ட் 3, சனி

காலையிலேயே எழுதி எடுத்துக்கொண்டு போனேன். ஈர மரத்தில் எனக்கு அனுபவம் இல்லை, நான் வேலை செய்த மண் வேறு, சேறு என்று தவறாக எண்ணிவிட்டேன், இதனால் ஆய்வுக்கு நேர்ந்த இழப்புக்கு வருந்துகிறேன், ரூபவதனி மீது நான் சொன்னவை அனைத்தையும் திரும்பப் பெறுகிறேன். ஒரு பக்கம். எழுதி முடித்தபோது நெஞ்சு லேசானது.

அவள் நின்றபடி வாசித்தாள். திருப்பிக் கொடுத்தாள்.

"காணாது அண்ணை."

"இன்னும் என்னம்மா எழுதணும்?"

"அண்டைக்கு நான் குழிக்குள்ளை வந்து நிண்டது எங்கை? நான் உங்களிட்டைச் சொன்னது எங்கை?"

அவள் என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அறைக்கு வந்தேன். இந்த நோட்டை எடுத்துப் பதினொன்றாம் தேதியைப் படித்தேன். ஏதோ ஆலோசனை சொன்னாள் என்று எழுதியிருக்கிறேன். யாருக்கும் காட்டாத, பூட்டிவைக்கிற நோட்டு. இதில்கூட அப்படித்தான் எழுதியிருக்கிறேன்.

மத்தியானம் வரை உட்கார்ந்திருந்தேன். பிறகு கடிதத்தின் அடியில் நான்கு வரி சேர்த்துக் கையெழுத்துப் போட்டு, அவளிடம் ஒன்றும் ஹானா மேடத்திடம் ஒன்றும் கொடுத்துவிட்டு வந்தேன். அந்த நான்கு வரியை இங்கேயும் எழுதுகிறேன்.

"ஜூலை 11 அன்று நான் சீவத் தொடங்கியபோது கட்டையில் முக்கால் பங்குக்குப் பட்டை இருந்தது. அப்போது ரூபவதனி வந்து, 'அண்ணை, அது சேறு இல்லை, பட்டை, கை வையாதேங்கோ' என்றாள். எனக்கு நன்றாகக் கேட்டது. அவளைப் போகச் சொல்லிவிட்டு, மிச்சத்தையும் நான் சீவினேன்."